கண்ணை மூடிய முன்வரிசை

அலெப்போவில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் சிர்வார்த்தின் ஸ்டுடியோவில் முகவாயை உயர்த்தி உட்கார்ந்தவர்கள்தான். அவள் "அசையாதீங்க" என்றால் ஊரின் பெரிய ஹாஜிகளும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அந்த அர்மீனியக்காரிக்கு அதற்கு மேலும் ஏதாவது வரும் என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. நானும்தான், அவள் எனக்குத் தங்கை மாதிரி என்றாலும். ஒருநாள் என் துணிக்கிடங்குக்கு வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். சாயக்காரர் சந்து. ஈரம் சொட்டும் சிவப்பு நூல் கட்டுகள், அவற்றுக்கு நடுவே ஓர் ஆளின் நீல முழங்கை. எதைக் காட்டினாலும் உடனே ஒரு விலை சொல்லுகிற நான், அதை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.

அவளுடைய யோசனை இதுதான். விடியலிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஊரின் ஒரு நாளைப் படங்களாகச் சுவரில் காட்டுவது, கூடவே உஸ்தாத் முக்லிஸ் ஊத் என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பது. படம் மட்டும் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள், முக்லிஸின் ஊத் என்றால் ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கில் தப்பில்லை. பாதியோடு நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

துருக்கியின் பர்ஸாவிலிருந்து சரக்கு வரும்வரை என் கிடங்கு காலி. இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்குக் கொடுத்தேன். கல் வளைவுக்கூடம், வெள்ளையடித்த பின்சுவர். ஜன்னல்களில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பட்டப்பகலிலும் இருட்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் என் மேசையில்தான் சண்டை போட்டார்கள். அவள் படங்களைப் பரப்புவாள், அவர் ஒவ்வொன்றுக்கும் நாலு தந்தியைத் தடவிப் பார்ப்பார். ஆட்டுத்தலைக் கடை முன்னால் நிற்கும் கிழவர் படத்துக்கு அவர் உருகி உருகி வாசிக்க, "இவ்வளவு சோகம் எதுக்கு உஸ்தாத்? அவருக்குப் பசி, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். மறுநாள் அவர் பசியையே வாசித்தார். எனக்கே வயிறு கிள்ளியது.

எங்கள் ஊர்க் கச்சேரிகளுக்கு ஒரு முன்வரிசை உண்டு. பாட்டு தேறியதா இல்லையா என்று அந்த வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். அதில் நடுநாயகம் பிஸ்தா மண்டி ஹாஜி ரஷ்வான். அவருக்கு ஒரு வரி பிடித்துவிட்டால் "அல்லாஹ்" என்று பெருமூச்சு விட்டு, மறுபடி ஒரு முறை என்பார். வாசிப்பவர் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. சிர்வார்த் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்: "அண்ணே, அந்த வரிசை ஒரே ஒரு தடவை 'பார்த்தோம்'னு சொல்லணும். அப்புறம் சாகிற வரைக்கும் பாஸ்போர்ட் போட்டோவே எடுக்கறேன்."

முதல் வெள்ளி, தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். ஏலக்காய்க் காப்பி சுற்றியது. படங்கள் தாமாகவே மாறும்படி ஒத்திகை வேகத்துக்கு ஸ்லைடு எந்திரத்தை முடுக்கிவிட்டிருந்தாள். விடியல் படம் விழுந்தது. முக்லிஸ் தொடங்கினார். ஐயோ, அந்த மனிதர் அன்று வாசித்தாரே! ஹாஜி ரஷ்வானின் தலை மெல்லச் சாய்ந்தது. அப்புறம் கண்களை மூடிக்கொண்டார். நல்ல இசை கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். பக்கத்து ஆளும் மூடினார், அவருக்குப் பக்கத்து ஆளும். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் கண் திறந்திருந்தது நானும் சிர்வார்த்தும் மட்டும்தான். முக்லிஸும் கண்ணை மூடித்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

அதோடு போகவில்லை. ஹாஜி "மறுபடி" என்றார். உஸ்தாத் மறுபடி வாசித்தார். எந்திரத்துக்கு ஹாஜியைத் தெரியாது, அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விடியலின் அமைதியான வரிகள் ஆட்டுத்தலைகள் மேல் ஓடின. ஊத் நடுப்பகலுக்கு வருவதற்குள் சுவரில் விளக்கு வைத்தாகிவிட்டது. பிறகு படங்கள் தீர்ந்து வெறும் வெள்ளை வெளிச்சம்.

முடிந்ததும் ஹாஜி உஸ்தாதின் தோளில் முத்தமிட்டார். போகிற போக்கில் என்னைக் கேட்டார்: "அபூ தைசீர், சுவர்ல ஏதோ வெளிச்சம் வந்து வந்து போச்சே, அது என்னப்பா?"

சிர்வார்த் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் என் கடையில். நடுவில் நான், தேநீர், பேரம். கண் மூடினால் அதுதான் தனக்குக் கிடைக்கும் கூலி என்றார் முக்லிஸ். அந்தக் கூலி தன் படங்களை முழுங்கிவிட்டதே என்றாள் அவள். வேண்டுமானால் படங்களைப் பெரிதாக்கி வாசலில் மாட்டலாம், வருகிறபோது பார்ப்பார்கள் என்றார். தான் கடைப் பலகை வரைய வரவில்லை என்றாள். பிறகு தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "அப்படின்னா கொஞ்சம் மோசமா வாசிங்களேன்" என்றாள்.

உஸ்தாத் கோப்பையைக் கீழே வைத்தார். இப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரன் வாயைத் திறக்கக்கூடாது. நான் சர்க்கரையைக் கலக்கினேன்.

அவளே பேசினாள். "நேத்து நான் சுவரைப் பார்க்கல, அவங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். நீங்க ஒரு வரியை முடிச்சு இறக்கிறீங்க இல்ல, அப்போ எல்லாரும் கண்ணைத் திறக்கறாங்க. முதல்ல கண்ணு, அப்புறம்தான் வாயில அல்லாஹ். வெளிச்சம் அடிச்சா கண்ணை மூடறவங்களோட காலம் தள்ளறவ நான். திறக்கற நேரம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது உஸ்தாத், நீங்களும் மூடிக்கிட்டுத்தானே இருக்கீங்க."

முக்லிஸ் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்கப்புறம் நடந்தது சுத்தமான வியாபாரம். அவர் வாசிக்கும்போது சுவர் இருட்டாக இருக்கும். வரி முடிந்ததும் அவள் கையால் படத்தைத் திறப்பாள். அது சுவரில் இருக்கும்வரை அவர் தந்தியைத் தொடக்கூடாது. ஒரு மூச்சு விடும் நேரம் தருகிறேன் என்றார் அவர். ஒரு மூச்சில் தன் படத்தின் ஒரு மூலையைக்கூடப் பார்க்க முடியாது என்றாள். கடைசியில், அவள் எப்போது மூடுகிறாளோ அப்போது அவர் தொடங்குவது என்று படிந்தது. இறக்கும் வரிகளோ கொஞ்சம்தான். அதனால் பாதிக்கு மேற்பட்ட படங்களை அவள் கழிக்க வேண்டியிருந்தது. தன் கையாலேயே கழித்தாள். ஆட்டுத்தலைக் கிழவரை மட்டும் இரண்டு முறை வெளியே எடுத்து இரண்டு முறையும் உள்ளே வைத்தாள்.

இரண்டாவது வெள்ளி. அதே காப்பி, அதே முன்வரிசை. இருட்டில் ஊத் மட்டும். கண்கள் மூடியதை நான் பார்க்கவில்லை, ஆனால் கூடமே மூடிக்கொண்டது தெரிந்தது. முதல் வரி சுற்றிச் சுற்றி ஏறி, தயங்கி, வீடு வந்து சேர்ந்தது. அந்த இடத்தில் சுவர் திறந்தது: காலை வெயிலில் ஒரு முற்றம், கழுவிவிட்ட கல்தரையில் ஒரு பெண்ணின் ஈரப் பாதச் சுவடுகள், பெண் இல்லை.

"அல்லா" என்று தொடங்கிய ஹாஜியின் வாய் பாதியில் அப்படியே நின்றது. பின்வரிசையில் யாரோ நாற்காலியை முன்னே இழுத்தார்கள். சிர்வார்த் அவசரப்படவில்லை. பிறகு மூடினாள். ஊத் கிளம்பியது. சாயக்காரர் சந்து வந்தது. அடுத்த வரி முடிந்தபோது பசித்த கிழவர் வந்தார். கூடத்தில் சிரிப்பு ஓடியது, உடனே அடங்கியது.

கிழவரை அவள் மூடியதுதான் தாமதம், இருட்டில் ஹாஜி ரஷ்வானின் குரல்: "மறுபடி ஒரு தடவை."

முக்லிஸ் சந்தோஷமாக அதே வரியைத் திரும்ப எடுத்தார்.

"உங்களை இல்ல உஸ்தாத். நீங்க கொஞ்சம் இருங்க. சிர்வார்த் மதாம், அந்தக் கிழவரை" என்றார் ஹாஜி.

எந்திரம் க்ளிக் என்றது. கிழவர் மறுபடி ஆட்டுத்தலைகளுக்கு முன்னால் வந்து நின்றார். முன்வரிசை மொத்தமும் கண்ணை அகலத் திறந்து பார்த்தது. ஹாஜி எழுந்து சுவர்வரைக்கும் போய், கிழவரின் கையில் கசங்கியிருந்த தொப்பியை உற்றுப் பார்த்துவிட்டு, தன் நிழல் படத்தில் விழுகிறது என்று மற்றவர்கள் திட்டிய பிறகுதான் திரும்பி வந்தார். சிர்வார்த்தின் விரல் பொத்தான் மேல் இருந்தது. மூடுகிற உத்தேசமே அவளுக்கு இல்லை.

முக்லிஸ் ஊத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, கடையில் தன் முறைக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் போனதும் அவரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.