மேர் தோட்டத்தில் உட்கார ஆளில்லை

அந்த பெஞ்சுகளில் உட்கார ஆள் வரவில்லையென்றால் என் வீட்டு அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளும் என்று தெரிந்த நாளிலிருந்து, பாகூர்க் கடைத்தெருவில் நடமாடுகிற அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம். வெயிலில் நிற்கிறவர்களைக் கண்டால் கோபம். மண்ணில் குந்தி வெற்றிலை மெல்லுகிறவர்களைக் கண்டால் அதைவிடக் கோபம். கூப்பிடு தூரத்தில், வேப்பமர நிழலில், மழமழவென்று இழைத்த பெஞ்சு காலியாகக் கிடக்கிறதே, இவர்களுக்கெல்லாம் கண் அவிந்தா போயிற்று?

எங்கள் பக்கம் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பாகூரும் சுற்று ஊர்களும் சேர்ந்தது ஒரு கொம்யூன்; அதற்குத் தலைவர் மேர், அவருக்குக் கீழே ஒரு சபை. கடைத்தெரு முனையில் அவர்கள் கூடுகிற கட்டடம். அதற்கு எதிரே முள்ளும் புதருமாகக் கிடந்த திடலைச் சுத்தம் செய்து, ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுப் பண்டிகைக்கு ஒரு சின்னத் தோட்டம் போட்டார்கள். புதுச்சேரியில் இருப்பது போல நம் ஊர் ஜனங்களும் சாயங்காலம் காற்று வாங்க வேண்டும் என்று மேருக்கு ஒரு ஆசை. இருந்த வேப்பமரங்களை விட்டு வைத்து, சுற்றிலும் வேலி கட்டி, அரளியும் செம்பருத்தியும் வைத்தார்கள். பெஞ்சுகள் புதுச்சேரியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கின. தோட்டக்காரன் வேலை என் புருஷன் பக்கிரிக்குக் கிடைத்தது.

அந்த வேலை எங்களுக்கு என்ன என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். அதற்கு முன்னால் பக்கிரி பெரியவீட்டுத் தணிகைவேலின் பண்ணையாள். அவன் அப்பனும் அங்கேதான். காய்ச்சல் என்று படுத்தால்கூட வாசலில் ஆள் வந்து நின்று கத்துவான். என் பிள்ளை பிறந்த அன்று பக்கிரி கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான், அனுப்பவில்லை. கொம்யூன் வேலை வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியும். புருஷன் வீட்டில் உட்கார்ந்து சுடுசோறு தின்றதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தணிகைவேலுக்கு அது பொறுக்கவில்லை. அவரும் சபையில் மெம்பர். "எங்க பூடுவான்? பூச்செடி வாடுனா நம்ம களத்துக்குத்தான் வருவான்" என்று பலர் கேட்கச் சொன்னார்.

அந்த வருஷம் வரவுசெலவுக் கூட்டம் நெருங்கியபோது ஒரு செய்தி வந்தது. தோட்டத்தில் பேண்டு வாசிக்க ஒரு மேடை கட்ட வேண்டும் என்று மேர் கேட்கப் போகிறாராம். தணிகைவேல் அதை மறுத்து, மேடையும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், தோட்டக்காரனும் வேண்டாம், ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடத்துக்குக் காசைக் கொட்டுவானேன், சோரியாங்குப்பத்தில் இடிந்த வாய்க்கால் பாலத்தைக் கட்டலாம் என்று சொல்லப் போகிறாராம்.

அவர் பொய் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அவர் சொன்னது உண்மை, அதுதான் எனக்கு எரிந்தது. என் அண்ணன் இருசப்பன் சோரியாங்குப்பத்தில் வண்டி ஓட்டுகிறவன். ஐப்பசி வெள்ளத்தில் பாலம் போன பிறகு இரண்டு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஆள் போகலாம், வண்டி போகாது. மாட்டை அவிழ்த்து வாய்க்காலில் இறக்கிக் கரையேற்றும்போது ஒன்றின் கால் ஒடிந்துவிட்டது. அந்த மாட்டை நினைத்தால் என் அண்ணன் இன்றைக்கும் கண் கலங்குவான். தணிகைவேலின் கரும்பும் அந்தக் கரையில்தான் விளைகிறது, அது வேறு விஷயம்.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்க நானே கிளம்பினேன். தயிர்க்காரி காசம்மாளிடம் போய், "கூடைய எறக்கி வச்சுட்டு உள்ள வந்து செத்த ஒக்காரேன்" என்றேன்.

"அய்யே, மேர் தோட்டத்துல எனக்கு இன்னாடி வேல?" என்று சிரித்தாள்.

"அது மேரு வூட்டுத் தோட்டம் இல்ல. ஊருக்குப் போட்டது."

"அப்ப நீ போயி ஒக்காரு, பாக்கலாம்."

நான் உட்காரவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அத்தனை நாளில் நானும் அதில் உட்கார்ந்ததில்லை. தினமும் புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோய் அரளிச்செடிக்குப் பின்னால் மண்ணில் குந்தித்தான் ஊற்றிக் கொடுப்பேன். ஊரைத் திட்டின வாய் அதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

கூட்ட நாளும் வந்தது. பங்குனி வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. மேரும் மெம்பர்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கிரி தண்ணீர் ஊற்றின செடிக்கே திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தான். செம்பருத்தி மூழ்கிப் போகுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. சோரியாங்குப்பத்து ஆட்கள். ஆணும் பெண்ணுமாக நடந்தே வந்திருந்தார்கள். முன்னால் வந்தவன் என் அண்ணன். பின்னாலேயே அண்ணி கஸ்தூரி, இடுப்பில் கைக்குழந்தை. கட்டடத்துச் சேவகன் வாசலிலேயே மறித்து, கூட்டம் முடியும்வரை காத்திருக்கச் சொன்னான். அவர்களும் சாலையிலேயே நின்றார்கள்.

நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "இன்னாண்ணே இது, ஊரையே இட்டுக்கினு வந்துட்ட?"

"பாலம் கேக்க வந்தோம்மா."

"பாலமா கேக்க வந்த? உன் மச்சான் சோத்தக் கேக்க வந்த, அப்படிச் சொல்லு."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "நான் இன்னா செய்யட்டும் அமிர்தம்? மாட்ட நீயும்தான் வந்து பாத்த."

பார்த்தேன்தான். அது தரையில் படுத்து என் கையை நக்கினதையும் பார்த்தேன். அழுகை வந்தது, அதையும் கோபமாகவே காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேரம் போகப்போக வெயில் ஏறியது. உள்ளே சத்தம் கேட்டதே தவிர கதவு திறக்கவில்லை. சாலைப் புழுதியில் வெறுங்காலோடு நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கஸ்தூரி குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். அது வீல் வீல் என்று கத்தத் தொடங்கியது. எத்தனை நேரம்தான் நான் கல்லாக நிற்பது? வேலிப் படலைத் திறந்துவிட்டேன்.

"உள்ள வாங்க எல்லாரும். நெழல்ல நில்லுங்க."

பக்கிரி குடத்தோடு ஓடிவந்தான். "ஏமே, புத்தி கெட்டுப்போச்சா? நம்ம சோத்துல மண்ணப் போட வந்தவங்கள நீயே கூப்புடுறியா?"

"மண்ணப் போட வந்தவங்களுக்கும் வெயிலு சுடும்யா. கொழந்த கத்துறது காதுல வுழலியா? தண்ணியக் குடு மொதல்ல."

அவன் முணுமுணுத்துக்கொண்டே குடத்தைச் சாய்த்தான். எல்லோரும் குடித்தார்கள், முகம் கழுவிக்கொண்டார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? வேப்பமரத்தடியில் போய் வரிசையாக நின்றார்கள். பெஞ்சு பக்கத்திலேயே இருக்கிறது, நிற்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"ஒக்காருங்களேன்! இன்னா, வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?"

இருசப்பன் எதிரே இருந்த கட்டட வாசலைக் கண்ணால் காட்டினான். "நீயே பாரு. பெஞ்சு எத்தப் பாத்துக்கினு கெடக்குது? மேரு வாசல நேருக்கு நேரா பாத்துக்கினு, அவரு வரச்சொல்ல நாம ஒசர ஒக்காந்துக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? நாம கேக்க வந்தவங்க."

நான் அப்போதுதான் பார்த்தேன். கொடிக்கம்பமும் வாசலும் தெரியட்டும் என்று யாரோ எல்லா பெஞ்சையும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தே போட்டிருந்தார்கள். தினம் வருகிற எனக்கே உறைக்கவில்லை.

"அவ்ளோதான? திருப்பிப் போடு."

"திருப்பி? மேருக்கு முதுகக் காட்டிக்கினா? அது இன்னும் கெட்டுது போ!"

கூடவந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பார்த்தாலும் தப்பு, பார்க்காவிட்டாலும் தப்பு. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரன் எப்படித்தான் ஆளுகிறானோ! நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தேன். தூக்க முடியவில்லை, இழுத்தேன். அண்ணன் பதறிப்போய் மறுமுனையைப் பிடித்தான். கட்டடத்தை முகமும் பார்க்காமல், முதுகும் பார்க்காமல், பக்கவாட்டில் கடைத்தெருவைப் பார்க்கப் போட்டோம். "ஐயோ, வேல பூடும், வேல பூடும்" என்று பக்கிரி சுற்றிச்சுற்றி வந்தான். எப்படியும் போகப்போகிற வேலைதானே என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திருப்பிவிட்டேன்.

திருப்பின பெஞ்சில் நான்தான் முதலில் உட்கார்ந்தேன். வானம் இடிந்து விழவில்லை. கஸ்தூரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று காலை நீட்டினாள். குழந்தையை நான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராக, முதலில் விளிம்பில், அப்புறம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு ஆள் துண்டை முகத்தில் போட்டுக் குறட்டையே விட ஆரம்பித்தான். தயிர்க்காரி காசம்மாள் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, கூடையோடு உள்ளே வந்து அவளும் ஒரு மூலையில் இடம் பிடித்தாள். குழந்தை அழுகையை விட்டுத் தூங்கிப்போயிற்று.

அப்போது கதவு திறந்தது. முன்னால் தணிகைவேல், பின்னால் மேரும் மற்றவர்களும். "கண்ணாலயே பாத்துடுங்க. காக்காகூட வரமாட்டேங்குது அந்தத் தோட்டத்துக்கு" என்று பின்னால் திரும்பி மேரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், படலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

எல்லோரும் விருட்டென்று எழுந்தார்கள். நான் எழவில்லை. மடியில் குழந்தை தூங்குகிறது, அது ஒரு காரணம். தணிகைவேல் என்னை முறைத்தார், அது இன்னொரு காரணம்.

மேர் நல்ல மனுஷர். "ஒக்காருங்க, ஒக்காருங்க. ஒக்காரத்தான போட்டுது" என்று கையைக் காட்டினார். முகம் மலர்ந்துபோயிருந்தது. பிறகு பெஞ்சுகளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இதையெல்லாம் யாரு திருப்பினது?"

பக்கிரி குடத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"நாந்தான் சாமி" என்றேன். "உங்க வாசலப் பாத்தாப்பல ஒக்கார யாருக்கும் துணிச்சல் இல்ல. முதுகக் காட்டவும் மனசு வரல. அதான் இப்பிடிப் போட்டன்."

அவர் கட்டடத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "இத்தன நாளா இதுக்கா வராம இருந்தீங்க?" என்றவர் என் அண்ணனிடம் திரும்பி, "நீங்க எந்த ஊரு? காத்து வாங்கவா வந்தீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. தணிகைவேலுக்கும் அது தெரியும். "சொல்றா, எதுக்கு வந்தீங்கன்னு நல்லா சொல்லு" என்று தூண்டினார்.

இருசப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "சோரியாங்குப்பம் சாமி. வாய்க்கா பாலம் கேக்க வந்தோம். இந்தத் தோட்டத்துக்குப் போடுற காசப் பாலத்துக்குக் குடுங்கன்னு கேக்கறதுக்குத்தான்..." என்று நிறுத்தினான். வேப்பமரத்தைப் பார்த்தான். என் மடியில் தூங்குகிற தன் குழந்தையைப் பார்த்தான். குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற பக்கிரியைப் பார்த்தான். "மேடைக் காசக் குடுத்தா போதும் சாமி. தோட்டம் இருக்கட்டும். பாலம் வந்துட்டா நாங்க அடிக்கடி வருவோம். வந்தா ஒக்கார எடம் வேணும் இல்ல?"

பின்னால் நின்றவர்கள் "ஆமாஞ்சாமி" என்றார்கள். குறட்டை விட்டவன்கூடச் சொன்னான்.

மேருக்குப் பேண்டு மேடை போவதில் வருத்தம்தான். தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு தணிகைவேலிடம், "இன்னா சொல்றீங்க? நீங்க கேட்ட பாலம்" என்றார். தணிகைவேல் என்ன சொல்வார்? பாலம் வேண்டாம் என்றால் அவர் கரும்பு அந்தக் கரையிலேயே காயும். "செய்யுங்க" என்று மென்று விழுங்கினார். திரும்பிப் போகும்போது பக்கிரியைப் பார்க்கவேயில்லை.

மறுபடி உள்ளே போய்க் கை தூக்கி முடித்தார்கள். சேவகன் வந்து சொன்னான்: மேடை கிடையாது, பாலம் உண்டு, தோட்டமும் தோட்டக்காரனும் உண்டு. என் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இந்த முறை அதைக் கோபமாக்க வரவில்லை.

"கொழந்தயக் குடு, நேரமாவுது. பாலம் கட்டுனதும் வண்டியிலயே வரேன்" என்றான் அவன். அதற்கு அவனுக்கு இன்னொரு மாடு வேண்டும். அதை அன்று நாங்கள் யாரும் பேசவில்லை.

அவர்கள் போன பிறகு தோட்டத்தில் நானும் பக்கிரியும்தான். அவன் குடத்தைக் கீழே வைத்தான். மெதுவாக வந்து, துண்டால் தட்டிவிட்டு, அவன் தினமும் துடைக்கிற அந்த பெஞ்சில் முதன்முதலாக உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது.

திறந்திருந்த படல் வழியாக ஒரு ஆடு நுழைந்து நேராகச் செம்பருத்திக்குப் போயிற்று. இத்தனை மாதம் ஆட்டைக் கண்டால் கல்லைப் பொறுக்குகிறவன் அவன்.

"இந்தாய்யா, ஆடு" என்றேன்.

"ஒண்ணு ரெண்டு எல தின்னுட்டுப் போவட்டும், வுடு" என்று பக்கிரி காலை நீட்டிக்கொண்டான்.