குதிரையின் எச்சில்

விடியுமுன்னே மர்ளியா லாயத்தில் குதிரைச் சாணம் அள்ளத் தொடங்கிவிட்டாள். ஈர வைக்கோல் முதுகை முறித்தது. மூத்திர நெடி கண்ணை எரித்தது. கற்பிட்டிக் கடற்கரையின் அந்த ஹோட்டலில் விருந்தாளிகள் எழும்பும்போது நாற்றமே இருக்கக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

வெள்ளைக் குதிரை தண்ணீர் வாளிக்குள் வாயை வைத்தது. விழுங்க முடியவில்லை. எச்சில் நூலாக வடிந்தது.

"தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு, கைய விட்டுப் பாரு" என்று முந்தின நாள் முதலாளி சொன்னதால், குதிரை பராமரிக்கும் சரீப் முழங்கைவரை அதன் வாய்க்குள் கையை விட்டிருந்தான். எதுவும் சிக்கியிருக்கவில்லை. பல் கீறியதுதான் மிச்சம்.

வெயில் ஏறியபோது குதிரை தன் காலையே கடித்துக் குதறியது. சுவரில் மோதி மோதி விழுந்து செத்தது.

"தென்னைக்குக் கீழ புதைங்க. வெயில் தாங்காமச் செத்தது எண்டு சொல்லுங்க" என்றார் முதலாளி.

"போன மாசம் விசர் நாய் இதுட மூக்கக் கடிச்சதச் சொன்னோமே, முதலாளி?" என்றாள் மர்ளியா.

"குதிரைக்கு விசர் புடிக்குமா? வாய மூடு!"

குதிரைகளைக் கரைக்கு நடத்திச் செல்லும் றொபி அதற்குள் அரசாங்க மிருக வைத்தியருக்கு அழைத்துவிட்டான். எச்சில் பட்டவர்கள் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், குதிரையின் உடலைத் தொடவோ புதைக்கவோ கூடாது, விசர் என்கிற வெறிநாய்க்கடி நோய்தானா என்று அதன் மூளையைச் சோதிக்கவேண்டும் என்றார் அவர்.

முதலாளி வாசலை மறித்தார். "கொழும்புல இருந்து விருந்தாளிகள்ட பஸ் வருது. ரெண்டு நாள் கழிச்சுப் போங்க. இப்ப கேட்டத் தாண்டுறவன் நாளைக்கு வரத் தேவல்ல."

சரீப் கழுவிய கையின் கீறலை நீட்டிக் காட்டினான். "நோய் வந்தாப் பிறகு மருந்தில்லையாம், முதலாளி. என்ட புள்ளைகளுக்கு நீங்க வாப்பாவா இருப்பீங்களா?"

"ஒரு கீறலுக்கு இவ்வளவு சத்தமா? ஹோட்டல்ட பேர் கெட்டா உங்க எல்லார்ட வேலையும் போகும்!"

மர்ளியா மண்வெட்டியை வீசினாள். "நேத்து ஒரு சின்னப் புள்ள இந்தக் குதிரைட வாயில புல்லு வச்சிச்சு. அந்தப் புள்ளட உம்மாக்கிட்டயும் வெயில் எண்டா சொல்லப் போறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்து, அந்தத் தாயிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தாய் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள்.

சமையல்காரி ஹஃபீலா தோட்டக்காரர்களோடு வந்து லாய வாசலில் நின்றாள். "வைத்தியர் வரும்வரை இங்க ஒரு குழியும் வெட்ட விடமாட்டோம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

குதிரையைத் தொட்ட அத்தனை பேரும், தாயும் பிள்ளையும், ஹோட்டலுக்கு மரக்கறி கொண்டுவந்த லொறியில் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் சரீப்பின் காயத்தைச் சுற்றி ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது மர்ளியாவின் தொலைபேசி அலறியது.

முதலாளிதான். "சரீப்ப மட்டுந்தான் வேலையில இருந்து நிப்பாட்டுறன். மத்தவங்க உடன வாங்க."

மர்ளியா மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த வாங்கைப் பார்த்தாள். ஒருவரும் எழும்பவில்லை.

"வந்தா எல்லாரும் ஒண்டாத்தான் வருவோம். மிச்சக் குதிரைகள வைத்தியர் பார்க்கோணும். ஊசிக்குப் போற நாளெல்லாம் சம்பளத்தோட லீவு வேணும். அதுவரை சேணம் போட ஆளில்ல."

முதலாளி அழைப்பைத் துண்டித்தார். நாளை வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. சரீப் வெளியே வந்ததும் றொபி அவனுடைய சட்டைக் கையை இறக்கிவிட்டான். லாய வாசலில் ஹஃபீலாவோடு நிற்பதற்காக எல்லோரும் மீண்டும் லொறியில் ஏறினார்கள்.