இடது பக்கம் இழுக்கும் ஜீப்

அந்த ஜீப் அதே புகாரோடு நான்காவது முறையாகத் தன் பட்டறை வாசலில் வந்து நின்றபோது ஜமாலுக்கு அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உலக யுத்த காலத்து வண்டி அது. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தவர் மாதுங்காவில் குடியிருந்த காண்ட்ராக்டர் வேங்கடசுப்ரமணியன். செம்பூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு கல் குவாரி. பாதை என்று ஒன்றும் இல்லாத அந்த மேட்டில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. ஆனால் இருபது வருஷம் அடிபட்ட ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டியின் அடிவயிறு கல்லில் இடித்தது. அறுபத்து மூன்றில், மழைக்கு முன்னால், வண்டியைத் தாராவியில் ஜமாலின் பட்டறைக்கு ஓட்டி வரச் சொல்லி அவரும் கூடவே வந்தார்.

"பட்டையெல்லாம் பலமா பண்ணிடுங்கோ பாய். ஸ்டீரிங்கையும் பாத்துடுங்கோ, ரொம்ப ஆடறது" என்றார்.

ஜமால் வேலையில் குறை வைக்கவில்லை. முன்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டையும் பிரித்துப் பட்டைகளை உலையில் காய்ச்சி, வளைவு கொடுத்து, பக்கத்துக்கு ஒரு புதுப்பட்டை சேர்த்துப் பூட்டினார். வண்டி இரண்டு விரற்கடை நிமிர்ந்து நின்றது.

மூன்றாம் நாள் அதன் டிரைவர் பூதத்தான் வந்தான். நாங்குநேரிப் பக்கத்து ஆள். தாராவியில் ஜமாலுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் வீடு.

"பாய், வண்டி எடது பக்கமா இழுக்கு. பிரேக்கு புடிச்சா ரோட்ட விட்டே எறங்கப் பாக்கு."

"டை ராடு தேஞ்சிருக்கும்ல. விட்டுட்டுப் போ."

சக்கரங்களைத் திருப்பும் அந்த டை ராடை மாற்றினார். இழுத்தது. குர்லாவில் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கி, தேயாத ஸ்டீரிங் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, அது சட்டத்தில் உட்காராமல் இரண்டு நாள் ராவிப் பொருத்தினார். அப்போதும் இழுத்தது. சக்கரங்களுக்கு நடுவே நூல் பிடித்து அளந்து பார்த்தார். அளவில் குற்றமில்லை. ஆனால் வண்டி குடிகாரன் மாதிரி இடது ஓரத்துக்கே போனது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தார்.

மூன்றாம் முறை வேங்கடசுப்ரமணியனே கூட வந்துவிட்டார். "என்ன பாய், உங்களால ஆகுமா ஆகாதா? சொல்லிடுங்கோ" என்று தெருவில் நின்று கேட்டார். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜமாலுக்குச் சுருக்கென்றது.

"வண்டில ஒண்ணுமில்ல சார். இவன் கைதான் சரியில்ல. ஸ்டீரிங்க ஒரு பக்கமாத் தொங்கிக்கிட்டே ஓட்டுதான்."

பூதத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தான். "பதினோரு வருசமா ஓட்டுதேன் பாய்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை அவனை ஜீப்பிலிருந்து இறக்கி, குவாரியில் கல் சுமக்க விட்டார்கள். வேறொருவன் ஜீப்பை ஓட்டினான். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர்க் குழாயருகே பூதத்தானின் மனைவி பேராச்சி, குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஜமாலை மறித்தாள்.

"அவரு கையில தோல் உரிஞ்சி கெடக்கு பாய். சோத்தப் பெசஞ்சு திங்க முடியல. உங்க வாய்க்கு ஒரு வார்த்த. எங்களுக்கு இப்படி ஆயிட்டு."

ஜமால் அவளைச் சுற்றிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்துவிட்டார்.

இப்போது புது டிரைவர் வந்து, பூதத்தான் சொன்ன அதே புகாரை இந்தியில் சொன்னான். வண்டி இடது பக்கம் இழுக்கிறதாம்.

ஜமால் அவனை அனுப்பிவிட்டு முன் ஸ்பிரிங்குகளை மறுபடி கழற்றினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். நீளம் ஒன்று. பட்டைகளின் எண்ணிக்கை ஒன்று. தூக்கி ஓரமாக வைக்கப் போனபோதுதான், வலது பக்கத்திலிருந்து கழற்றியது கைக்குக் கூடுதலாகக் கனத்தது. தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்து ஒவ்வொரு பட்டையாக அளந்தார். வலது பக்கத்துப் பழைய பட்டைகள் எல்லாமே ஒரு மயிரளவு தடிமன்.

அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். இந்த ஜீப்புக்கு ஸ்டீரிங் இடது கைப்பக்கம். டிரைவர் இடது பக்கம், அவன் சீட்டுக்கடியில் பெட்ரோல் டாங்கி. பாரமெல்லாம் அங்கே. தடித்த ஸ்பிரிங் இடது பக்கத்துக்கென்றே செய்தது. லாரிகளில் பழகிய கை, இரண்டும் ஒன்றுதானே என்று முதல் நாளே பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தது. பாரம் தாங்காமல் வண்டி இடது பக்கம் சாய்ந்து இழுத்திருக்கிறது. அதன்பின் செய்த வேலை அத்தனையும் வீண்.

மாற்றிப் பூட்டி, சயான் வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி நேராகப் போனது. அவருக்குச் சந்தோஷமே வரவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கிருந்து நேரே குவாரிக்கு ஓட்டிக்கொண்டு போய், வேங்கடசுப்ரமணியனிடம் நடந்ததைச் சொன்னார். அவர் நம்பவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கம். அவன் பொண்டாட்டி வந்து அழுதிருப்பா. அதுக்காக இப்படி ஒரு கதையா?"

"சார், தப்ப நான் எந்தலையில போட்டுக்கிட்டுச் சொல்லுதேன். இதுல கத எங்க இருக்கு? அவனையே ஓட்டச் சொல்லிப் பாருங்க."

கூப்பிட்டார்கள். இமையெல்லாம் வெள்ளைத் தூசியோடு பூதத்தான் வந்தான். "நான் எதுக்கு? கை சரியில்லாதவன்லா" என்றான். காண்ட்ராக்டர் அதட்டிய பிறகுதான் ஏறினான். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், ஜமால் பின்னால். இறக்கத்தில் வேகமாக விட்டு, நடுவில் பிரேக்கை அழுத்தினான். வண்டி கோடு போட்டதுபோல் நின்றது. மறுபடி கிளப்பி, தட்டையான இடத்தில் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தான். இம்மி விலகவில்லை.

வேங்கடசுப்ரமணியன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "சரி, ஒண்ணாந்தேதிலேர்ந்து நீயே ஓட்டு" என்றார்.

"இன்னைக்கே போடுங்க சார்" என்றார் ஜமால்.

"புதுசா வந்தவனுக்கு இந்த மாசம் முழுக்கன்னு வாக்குக் குடுத்தாச்சு பாய். அவனை எங்க நிறுத்தறது?"

எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. ஜமால் பூதத்தானைத் தனியே அழைத்துப் போய், "என்ன மன்னிச்சிரு" என்றார்.

"மொத நாளே சொன்னேன்லா பாய். ஒரு தடவ எங்கூட ஏறி வந்திருந்தியன்னா தெரிஞ்சிருக்கும்." அவன் கல் குவியலை நோக்கித் திரும்பி நடந்தான்.

ஜமால் ரயிலேறித் தாராவிக்கு வந்து, பட்டறைக்குப் போகாமல் பேராச்சி வீட்டு வாசலில் நின்றார்.

"தப்பு என்னுதுதாம்மா. அவங்கிட்டயும் அந்த சார்ட்டயும் சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதி திரும்ப ஜீப்பு அவனுக்குத்தான்."

பேராச்சி விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் பதினாலு நாளு கல்லு தூக்கணும்" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.