ஆயிரம் கூடுதல்

மனைவி உலகம்மாளின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் பாபநாசம். துணி முடிச்சு நழுவி நழுவி அவிழ்ந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் பீடிக்கு நூல் சுற்றியவள் அவள். மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவருக்கோ ஒரு முடிச்சு விழ மாட்டேன் என்கிறது.

தலைமாட்டில் மகள் சித்ரலேகா. பாளையங்கோட்டையில் டீச்சர் பயிற்சி. இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பாபநாசத்தின் அக்கா எசக்கியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த முறத்தை, உலகம்மாளின் பீடிச் சுளவைப் பார்த்தாள்.

"ஏட்டி சித்ரா, படிச்சது போதும். காரியம் முடிஞ்சதும் ஒங்கம்மை சுளவ மடியில எடுத்து வச்சிக்கோ. ஒங்கப்பன் வண்ணார்பேட்டைல மூட்டை தூக்குதது வயித்துக்கே காணாது."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முடிச்சைப் பார்த்தார். அக்கா சொன்னதில் பொய் இல்லையே.

அப்போதுதான் மாலையோடு உள்ளே வந்திருந்தாள் இன்பமணி. பாபநாசத்தின் இன்சூரன்சுக்கு வருஷாவருஷம் தவணை வாங்க வருகிறவள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு இதப் பேசக்கூடாதுன்னுதான் வந்தேன். இதக் கேட்டுட்டுச் சும்மா நிக்க முடியல. உலகம்மா அக்கா பேர்லயும் ஒரு பாலிசி இருக்கு."

"எம் பேர்லல்லா இருக்கு?"

"அது இருபத்தஞ்சாயிரம். தொண்ணூத்தொண்ணுல தவணைக்கு வந்தப்போ அக்கா கேட்டாவ, 'இவிய போனா எங்களுக்கு இது. நான் போனா வீடு எதுல ஓடும்? எனக்கும் எழுது'ன்னு. அஞ்சு வருசமா பீடிக் கூலில கெட்டுதாவ."

"எம்புட்டுக்கு?" என்றாள் எசக்கியம்மாள்.

"இருபத்தாறு."

"ஆம்பளையவிட ஆயிரம் கூடவா!"

"நானும் கேட்டேன். 'அவிய சம்பாதிக்க மட்டுந்தான் செய்யுதாவ. நான் சம்பாதிச்சு, சோறும் பொங்குதேன். ஆயிரம் கூடப் போடு'ன்னாவ."

பாபநாசம் வாயைத் திறந்தார். அழுகை என்றுதான் நினைத்தார், வந்தது சிரிப்பு.

"பணம் எனக்கா வரும்?"

இன்பமணி தயங்கினாள். "மொதல்ல ஒங்க பேருதான். போன தையில சித்ராவுக்குப் பதினெட்டு முடிஞ்சதும் நாமினி பாரம் வாங்கி, அவ பேருக்கு மாத்திட்டாவ. 'இவிய எளகுன மனசு. அக்காக்காரி ஒரு அழுகை அழுதா தூக்கிக் குடுத்துருவாவ. எம்பிள்ள டீச்சராவணும்'னாவ."

வீடே எசக்கியம்மாளைப் பார்த்தது. அவள் முந்தானையை வாயில் பொத்தினாள். "படுத்துக் கெடந்தும் என்னை வையுதா பாரு, பாவி!" என்றவள், உலகம்மாளின் நெற்றியை வழித்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

பாபநாசம் எழுந்து சுளவிலிருந்து பீடி நூல்கண்டை எடுத்தார். அவள் கால்விரல்களில் இரண்டு சுற்று. முடிச்சு விழுந்தது.

"தூக்கலாமா, அண்ணாச்சி?" வாசலில் ஆட்கள் கேட்டார்கள்.

"பைய தூக்குங்க. பைய."

பாடையில் வைத்ததும், சுளவை அவரே கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார். தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, நிமிர்ந்து, எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

சுளவு சாய்ந்திருந்த இடத்தில், தரையில் அரைவட்டமாகக் கொஞ்சம் புகையிலைத் தூள் கிடந்தது. சித்ரலேகா துடைப்பத்தை எடுத்தாள்.