என் முட்டி வலியும் சங்கவியின் ராக்கெட்டும்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன் நான். வாயைத் திறந்தால் பத்துப் படகு தள்ளி நிற்கிறவனுக்கும் விலை கேட்கும். மெதுவாகப் பேச எனக்கு வராது. அப்படிப்பட்ட நான் இருபது வருடமாக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வெளியே விடாமல் வைத்திருந்தேன். அதைக் கிளப்பிவிட்டவள் என் மகள் சங்கவி. அவளுக்கு விண்வெளிக்குப் போக வேண்டுமாம்.

உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று கத்தினேன். அவள் அசரவில்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் போகிற வழியை எழுதி, சுவரில் ஒட்டிவிட்டாள். முதலில் விமானப் பொறியியல், நாலு வருடம். பிறகு விமானப்படைப் பரீட்சை. தேறினால் பைலட் பயிற்சி. அப்புறம் புது விமானங்களை ஓட்டிச் சோதிக்கிற பைலட். அதற்கும் அப்புறம்தான், அவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டால், ராக்கெட். கூட்டிப் பார்த்தேன், எப்படியும் நாற்பது வயது ஆகிறது.

"கல்யாணம் எங்கடி எழுதியிருக்க?" என்றாள் என் மனைவி ஜெயசித்ரா.

"எடம் இல்லம்மா. சின்ன காலண்டரு."

வாயாடி. ஆனால் படிப்பில் சுட்டி. கேட்ட கல்லூரியிலேயே விமானப் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கம்ப்யூட்டரில் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் விண்வெளி முகாம் என்று யாரோ நடத்தினார்கள். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டி இருபது சுற்று சுற்றினார்களாம். பதினொன்றாவது சுற்றில் என் மகள் முகாம் நடத்திய சாரின் ஷூவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் நேராகப் போய்ச் சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள்.

"எனக்கு வேணாம்ப்பா. இங்கயே பி.காம். சேந்துக்கறேன்."

"ஒரு வாந்திக்காடி?"

"தாத்தா கடல்லயே கெடந்தவரு. நீயும் புயல்ல முட்டி அடிபடலன்னா இன்னிக்கும் கடல்லதான் இருப்ப. ஒருத்தருக்கும் தல சுத்துனதில்ல. நான் நாற்காலில குந்துனாவே வருது. நம்ம வம்சத்துலயே நான் ஒருத்திதான் பழுது."

ஜெயசித்ரா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

புயலும் இல்லை, முட்டியில் அடியும் இல்லை. படகு ஆடினால் எனக்கு வாந்தி வரும், அவ்வளவுதான். கடலே பிழைப்பான எங்கள் குருசுக்குப்பத்தில் இது வெளியே தெரிந்தால் தலைகாட்ட முடியுமா? என் அப்பாவின் படகில் அவரும் நானும் மட்டும்தான் போனோம். அவர் சாகும்வரை யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்கு அப்புறம் தெரிந்த ஒரே ஆள் ஜெயசித்ரா.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியத்தைச் சொல்லவே நாக்கூசுகிறது. "புள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லி, நானே எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, நானே அவளுக்குச் சுற்றிப் போட்டேன். சே, நானெல்லாம் ஒரு அப்பன்!

திங்கட்கிழமை பதினொன்றரை மணி. வஞ்சிரம் ஏலத்தில் நிற்கிறேன். என்னைச் சுற்றி முப்பது பேர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சங்கவி வந்தாள்.

"ப்பா, உன் போனுக்கு ஓடிபி வந்துருக்கும். சொல்லு."

"எதுக்கு?"

"பி.காமுக்கு. அந்த விமானப் படிப்பு எடத்த உட்டுடப் போறேன்."

போனை எடுத்தேன். ஆறு எண் இருந்தது. மெதுவாகத்தான், அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரிதான் சொல்ல நினைத்தேன். ஆனால் என் தொண்டை ஏலத்துக்குப் பழகின தொண்டை.

"எனக்குத்தான்டி வாந்தி வரும்!"

துறைமுகமே நின்றுவிட்டது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்தினான்.

"முட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடலுக்குப் போனா எனக்கு வாந்தி. உனக்கு என்கிட்டேர்ந்துதான் வந்துருக்கு. நீ பழுதுல்ல!"

முதலில் வாய் திறந்தது மீன் வியாபாரி செல்வாம்பாள் அக்கா.

"இன்னா தம்பி சொல்ற? அப்ப நான் வருசா வருசம் முட்டிக்குக் காச்சிக் குடுத்த தைலம்?"

"வாசனையா இருந்துச்சுக்கா."

சிரிப்பு என்றால் சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு. ஒருவன் என் கூடைக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுக்கிற மாதிரி நடித்துக் காட்டினான். மானம் கப்பலேறியது. சங்கவி மட்டும் சிரிக்கவில்லை.

"எவ்ளோ நாளு கடலுக்குப் போன?"

"ரெண்டு வருசம்."

"தெனமும் வந்துச்சா?"

"தெனமும். எடுத்துட்டு, வாயக் கழுவிட்டு, வலைய இழுப்பேன். ஒரு நாளும் வலைய உட்டதில்ல."

"அப்பறம் ஏன் நின்ன?"

"வாந்தி வருதுன்னு நிக்கலம்மா. நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்களேன்னு நின்னேன்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். நாலு பேர் இல்லை, முப்பது பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வஞ்சிரமும் அங்கேதான் கிடந்தது.

"ராக்கெட்ல போறவங்கள்லயே பாதிப் பேரு மொத ரெண்டு மூணு நாளு வாந்திதான் எடுப்பாங்களாம்ப்பா. அந்த முகாம் சார் சொன்னாரு. எனக்கு சமாதானம் சொல்றாருன்னு நெனச்சேன்."

போனில் எதையோ அழித்தாள். எதையோ அழுத்தினாள். மணி பதினொன்று ஐம்பது.

"புது ஓடிபி வரும். இது அந்த விமானப் படிப்பு எடத்துக்குச் சம்மதம் சொல்ல. சீக்கிரம் சொல்லு."

வந்தது. ஆறு எண்ணையும் வஞ்சிரம் விலை கூவுகிற மாதிரியே கூவினேன்.

"கத்தாதப்பா, அது ரகசியம்!"

"போடி," என்றேன். "இனிமே எனக்கு இன்னாடி ரகசியம்?"