டம்ளர் சத்தம்

பேச்சே இல்லாத நாடகம். பெண் படும் பாட்டை உடம்பாலேயே சொல்லப்போகிறார்களாம். நடிப்பவள் தன் மனைவி என்பதால் மனுஷர் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

மேடையில் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். எங்கோ காலி டம்ளரை யாரோ மேசையில் தட்டும் சத்தம். வாய்க்குப் போன கவளத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். உட்கார்ந்தாள், டக் டக், மறுபடி ஓட்டம். கடைசியில் சத்தம் வராமலே எழுந்து ஓடினாள். அரங்கம் சிரித்தது, அவர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

"மெதுவாப்பா, அது நீங்கதான்," என்றாள் பக்கத்திலிருந்த மகள்.

கூனிக் குறுகிப் போனார். வீட்டில் சாப்பிடும்போது, "இனிமே உன்னை..." என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவருக்கு விக்கல் வந்தது.

கை தானாக டம்ளரைத் தட்டியது. மனைவி கவளத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.