ஃபர்னஸ் கோதண்டத்தின் இங்கிலீஷ்

கோதண்டத்துக்கு இங்கிலீஷ் மேல் எந்த விரோதமும் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் பதினெட்டு மார்க் வாங்கியதோடு இருவரும் மரியாதையாகப் பிரிந்துவிட்டார்கள். அதற்கப்புறம் இருபது வருஷம் அவன் அதன் வழிக்குப் போகவில்லை, அதுவும் அவன் வழிக்கு வரவில்லை. 1991 ஆனி மாத நடுவில்தான் அது திரும்பி வந்தது.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருந்த ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் அவன் ஃபர்னஸ் ஆபரேட்டர். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் போய் வருவான். ஷிஃப்ட் இன்சார்ஜ் பலராமன் புரட்டாசியோடு ஓய்வு பெறுகிறார், அந்த இடம் கோதண்டத்துக்குத்தான் என்று கேண்டீனில் வடை போடுகிறவர் வரைக்கும் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து புனேயிலிருந்து புது மேனேஜர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இன்சார்ஜ் ஆகிறவர் தன்னிடம் நேரடியாகப் பேச வேண்டும், ஆவணி பிறந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பேன் என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்.

நோட்டீஸே இங்கிலீஷில்தான் இருந்தது. ஆபீஸ் டைப்பிஸ்ட் மெர்சி படித்துச் சொல்லித்தான் கோதண்டத்துக்கு விஷயம் தெரிந்தது.

"இன்னும் ஒன்றரை மாசம் கீதுண்ணா. தெனம் அஞ்சு வார்த்த கத்துக்கினா போதும்" என்றாள் மெர்சி.

"இன்னாத்த வெச்சிக் கத்துக்கறது? எங்கிட்ட ஒரு புக்கு கூட இல்லியேம்மா."

மெர்சி ஆபீஸ் அலமாரியைத் துழாவினாள். கம்பி விலைப்பட்டியல்கள் நான்கு, பழைய டைரி ஒன்று. அவற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகம். முந்தின மேனேஜர் சென்னையில் ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்குப் போனபோது அங்கே அவருக்கு இலவசமாகக் கொடுத்தது. மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி, தன்னைத்தானே உயர்த்திக்கொள்வது எப்படி என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பக்கம்கூடப் புரட்டப்படாமல் புதுசாக இருந்தது.

"எழுத்து பெருசா கீது. வாக்கியம் எல்லாம் சின்னது. ஒனக்கு இதான்ணா சரி" என்று சொல்லி, தன்னுடைய பாக்கெட் அகராதியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

புத்தகத்தின் முதல் வார்த்தை ஸ்ட்ரெஸ். கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவன் வேலை பார்க்கிற ஃபர்னஸின் மேலேயே 'ஸ்ட்ரெஸ் ரிலீவிங்' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். கம்பியைச் சுருட்டி ஸ்பிரிங் ஆக்கும்போது அதற்குள் ஒரு இறுக்கம் ஏறிக்கொள்ளும். இருநூற்றைம்பது டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் அது இறங்கிவிடும். அப்புறம்தான் ஸ்பிரிங் ஒழுங்காக வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கிளியம்மாளிடம் இதைச் சொன்னான். "மன்சங்களுக்கும் ஸ்ட்ரெஸ் கீதாம் கிளி. புக்குல போட்டிருக்கான்."

கிளியம்மாள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப ஒன்ன இட்டுனு போய் அரை அவரு உள்ள வெச்சா சரியாப் பூடுமா?"

அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு, பொட்டலம் கட்டி வந்த காகிதம் உட்பட. மறுநாளிலிருந்து அவன் ஐந்து வார்த்தைகளை சாக்பீஸால் கதவின் உட்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போவான். திரும்பி வருவதற்குள் கிளியம்மாள் அந்த ஐந்தையும் மனப்பாடம் பண்ணியிருப்பாள். அவன் மூன்றை மறந்திருப்பான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவள் அவற்றைப் பயன்படுத்த ஆரம்பித்தாள்.

புத்தகத்தின் மூன்றாவது பாடம், உதவி கேட்கத் தயங்காதே என்பது. அதைக் கோதண்டம்தான் எழுத்துக்கூட்டிப் படித்து, அகராதி பார்த்து, அர்த்தமும் சொன்னான். மறுநாள் காலையில் பால் கேன் அவன் காலடியில் வந்து நின்றது.

"இன்னாமே இது?"

"ஆஸ்க் ஃபார் ஹெல்ப். கேக்கறேன். சொசைட்டி வரைக்கும் போய் ஊத்திட்டு வா."

பால் சொசைட்டி வரிசையில் பெண்களுக்கு நடுவே கேனோடு நின்ற ஒரே ஆம்பளை அவன்தான். அங்கேயும் சும்மா நிற்கவில்லை, உதடு அசைந்துகொண்டே இருந்தது. "கோதண்டத்துக்கு இன்னாமோ வேண்டுதல் போல கீது" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆறாவது பாடம் இன்னும் மோசம். முடியாத காரியத்துக்கு முடியாது என்று சொல்லப் பழகு என்றது அது. கோதண்டத்தின் அண்ணன் கோபால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். திருப்பிக் கொண்டுவரும்போது ஏதாவது ஒன்று குறைந்திருக்கும், ஒரு தடவை பெல், ஒரு தடவை செயின் கவர். அந்த ஞாயிறு அவர் ஸ்டாண்டைத் தட்டியதும் உள்ளிருந்து கிளியம்மாளின் குரல் கேட்டது.

"நோ மாமா."

கோபால் திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தார். தம்பி அகராதியைப் பார்த்தான்.

"இன்னாடா சொல்லுது?"

"வேலைக்காக இங்கிலீஷ் கத்துக்கினு கீறோம்ணா. ப்ராக்டீஸ்" என்று மழுப்பினான் கோதண்டம். கோபால் ப்ராக்டீஸை மதித்து நடந்தே போனார். கோதண்டத்துக்கு அன்று முழுக்க அண்ணன் முகமே கண்ணில் நின்றது. மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது, சைக்கிளில் புதுசாகப் போட்ட பெல் இன்னும் இருக்கிறது என்பதையும் கவனித்தான்.

நாள் நெருங்கிவிட்டது. நூறு வார்த்தை தெரியும். ஆனால் எல்லாமே ஆறுதல் வார்த்தை. மெதுவாக மூச்சு விடு, நன்றாகத் தூங்கு, கவலையை எழுதிவை. மேனேஜர் ப்ரொடக்‌ஷன் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கிற புத்தகத்தைப் படித்துப் படித்தே அவனுக்கு ஸ்ட்ரெஸ் ஏறிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போனபோது முருகனிடம் எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னான். அங்கே போய் இலக்கணப் பிழை விட அவனுக்குத் தைரியம் இல்லை.

கூப்பிட்ட நாள் வந்தது. அவனுக்கு முன்னால் டிப்ளமா படித்த ஆபரேட்டர் வசந்தகுமார் உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தான். "ஒரே கேள்விதான்ணா. யெஸ் சார்னேன், முடிஞ்சிது" என்றான்.

மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் பலராமன் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு தாளைத் தள்ளி அதில் விரலை வைத்தார். ஃபர்னஸ், அரை மணி நேரம், பதினைந்து நிமிஷம், டபுள் ப்ரொடக்‌ஷன், பாசிபிள். இவ்வளவும் கோதண்டத்துக்குப் புரிந்தது. அரை மணி நேரத்தைப் பாதியாக்க முடியுமா என்று கேட்கிறார்.

பலராமன் கண்ணாலேயே ஜாடை காட்டினார். யெஸ் சொல்லுடா.

கோதண்டத்துக்கும் யெஸ் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பதினைந்து நிமிஷத்தில் எடுத்த ஸ்பிரிங் எப்படி இருக்கும் என்று தினமும் ஃபர்னஸ் முன்னால் நிற்கிற அவனுக்குத் தெரியும்.

"நோ சார்."

மேனேஜர் நிமிர்ந்தார். "வொய்?"

"ஸ்ட்ரெஸ் சார். இன்சைட் ஸ்ட்ரெஸ். ஃபாஸ்ட் ஃபாஸ்ட் கம்மிங், நோ ரிலாக்ஸ். ஆஃப்டர், ப்ராப்ளம்."

மேனேஜர் வேகமாக ஏதோ சொன்னார். ஒன்றும் புரியவில்லை. புத்தகத்தில் இருந்து ஒரு வாக்கியம் மட்டும் உதவிக்கு வந்தது. "டேக் எ ப்ரேக் சார்" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டான். வந்து பாருங்கள் என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது. மேனேஜரையே அவர் அறையிலிருந்து வெளியே போகச் சொல்கிறான் என்று நினைத்து பலராமன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என்ன காரணமோ, மேனேஜர் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்.

கோதண்டம் பத்து ஸ்பிரிங்குகளை உள்ளே வைத்துக் கடிகாரத்தைக் காட்டினான். பதினைந்து நிமிஷம். இரண்டு பேரும் ஃபர்னஸ் பக்கத்தில் ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் கொட்டாவி விட்டார். அதற்கு உண்டான வாக்கியம் கோதண்டத்திடம் இருந்தது.

"யூ ஸ்லீப் வெல் சார்?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். இந்தக் கம்பெனியில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "நோ" என்றார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். கோதண்டத்துக்கு அதில் பாதிக்கு மேல் புரியவில்லை. டாட்டர் என்பது புரிந்தது. லெட்டர், லாட்ஜ், அலோன். குடும்பம் புனேயில், இவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜ் அறையில், இரண்டு மாதமாக மகளிடமிருந்து கடிதம் இல்லை. வார்த்தைகளை விட அவர் முகம் அதைத் தெளிவாகச் சொன்னது. ஒருவர் மனம் விட்டுப் பேசும்போது குறுக்கே பேசாதே என்று எட்டாவது பாடத்தில் இருந்தது. கோதண்டத்துக்கு அதைக் கடைப்பிடிப்பது கஷ்டமாகவே இல்லை.

அவர் முடித்ததும், "ப்ரீத் ஸ்லோலி சார்" என்றான். "ரைட் எ லெட்டர். யூ ஃபர்ஸ்ட்."

மேனேஜர் சிரித்துவிட்டார். கோதண்டத்துக்குப் பயமாகவும் இருந்தது, தானும் சிரிக்கலாம் போலவும் இருந்தது. அதற்குள் பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

ஆறவைத்த ஸ்பிரிங் ஒன்றையும், காலையில் அரை மணி நேரம் வைத்து எடுத்த ஒன்றையும் கை ப்ரெஸ்ஸில் வைத்து இருபது தடவை அழுத்தினான். எடுத்து அளவு காட்டினான். அரை மணி ஸ்பிரிங் அப்படியே இருந்தது. மற்றது ஒரு நூல் அளவுக்குக் குட்டையாகிவிட்டிருந்தது. மேனேஜர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு ஒன்றை எடுத்துத் தானே அழுத்தி, அளந்தார். அதுவும் குட்டைதான். அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அரை மணி என்பதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். தோளைத் தட்டினார் என்றெல்லாம் இல்லை. "தேங்க் யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. வசந்தகுமார் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகக் கேண்டீனில் பேச்சு. கோதண்டம் கதவில் எழுதுவதை விட்டுவிட்டான். கிளியம்மாள் விடவில்லை, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பன்னிரண்டாவது பாடத்தில் இருந்தாள்.

பதினோராவது நாள் மெர்சி ஒரு கவரைக் கொடுத்தாள். "நான்தான் டைப் அடிச்சேன். ஆனா சொல்ல மாட்டேன், நீயே படி" என்றாள். அவன் பிரிக்காமலேயே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

கிளியம்மாள்தான் கவரைக் கிழித்தாள். இருவரும் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நகர்ந்து நின்று எழுத்துக்கூட்டினார்கள். அவன் பெயர், ஷிஃப்ட் இன்சார்ஜ் என்கிற வார்த்தை, மேனேஜர் கையெழுத்து. கோதண்டத்துக்குக் கண் கலங்கியது. தூசு விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டான்.

"இரு, இரு, இன்னும் கீது. ஆறு மாசம் இன்னாமோ போட்டிருக்கான்" என்றாள் அவள். "ப்ரோ... ப்ரொபேஷன்."

புத்தகத்தில் வராத வார்த்தை. கோதண்டம் பதறிப்போய் அகராதியைப் புரட்டினான். இரண்டு தடவை பக்கம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தான். "ஒழுங்கா நடந்துக்கறானான்னு பாத்து வெச்சிக்கற காலமாம். சரியில்லன்னா பழைய வேலைக்கே அனுப்பிடுவாங்க."

"இதுக்கா இந்தப் பயம்?" என்றாள் கிளியம்மாள். "பதினேழு வருசமா எங்கிட்ட அதுலதான கீற. ஆறு மாசம் ஒனக்கு ஒரு விசயமா?"

கோதண்டம் சாக்பீஸை எடுத்துக் கதவில் அந்த வார்த்தையை எழுதினான். கிளியம்மாள் எட்டிப் பார்த்து, விட்டுப்போன ஒரு எழுத்தை நடுவில் சேர்த்துவிட்டு எருமையைக் கட்டப் போனாள்.